பாவத்தின் அன்றாட முகம்: டோல்ஸ்டோயின் இரு படைப்புகள்

டோல்ஸ்டோயின் ‘புத்துயிர்ப்பு’ நாவலை முற்போக்கு விமர்சகர் பலர் இரண்டாகப் பிளந்தே படித்து வந்திருக்கின்றனர். நீதிமன்றமும் சிறைச்சாலையும் நிலவுடைமையும் வரும் பக்கங்கள் ஒரு பாதி. பாவம், மனந்திரும்புதல், சுவிசேஷம் என்பன வரும் பக்கங்கள் மறு பாதி. முன்னதை மெச்சுவதும் பின்னதைக் கிழவரின் பலவீனமென்று மன்னித்து விடுவதும் வழக்கமாகி விட்டன. இதற்குச் சான்றாக 1908இல் லெனின் எழுதிய கட்டுரை காட்டப்படும். டோல்ஸ்டோயை ரஷ்யப் புரட்சியின் கண்ணாடியெனக் கண்ட அக்கட்டுரை அவருடைய முரண்பாடுகளை விட்டுக்கொடுப்பின்றி எடுத்துரைத்தது உண்மையே. ஆயினும் அம்முரண்பாடுகள் அன்றைய ரஷ்ய உழவர் வாழ்வின் முரண்பாடுகளே என விளக்குவதுதான் லெனினின் நோக்கம். நாவலின் எந்தெந்த அத்தியாயங்களைப் படிக்கலாம், எவற்றைத் தாண்டிச் செல்லலாம் என்று அவர் யாருக்கும் பட்டியல் எழுதிக் கொடுக்கவில்லை.

கிறிஸ்தவனாயிருத்தல் என்றால் என்ன, மனிதன் தன் அன்றாட வாழ்வில் பாவத்தை எவ்விதம் வெல்கிறான் என்னும் வினா இந்நாவலின் மேற்பூச்சன்று, அதுவே அடித்தளம். அவ்வினாவை அகற்றி விட்டால், நாம் மெச்சும் நீதிமன்ற அத்தியாயங்களே வெறும் கேலிச் சித்திரங்களாகச் சுருங்கிப்போம். நாவல் இறுதியிற் சறுக்குகிறது என்பதும் மெய்யே. ஆனால் அது சறுக்கும் இடம் வழக்கமாகச் சுட்டிக்காட்டப்படும் இடமன்று என்பது என் கருத்து.

கதையின் கரு டோல்ஸ்டோயின் சொந்தக் கற்பனையன்று. 1887இல், நீதித்துறையிற் புகழ்பெற்றிருந்த அவர் நண்பர் கோனி, தாம் அறிந்த ஒரு நிகழ்ச்சியை அவருக்குச் சொன்னார். யூரராக அமர்ந்திருந்த கனவான் ஒருவன், குற்றவாளிக் கூண்டில் நின்ற விலைமகளை, முன்னொரு காலத்தில் தன்னாற் கெடுக்கப்பட்டவளென அடையாளங் கண்டான். அவளை மணந்து பரிகாரந் தேட முற்பட்டான். மணம் நிகழுமுன் அவள் நோயுற்றுச் சிறையிலேயே இறந்தாள். இந்தச் சிறு நிகழ்ச்சியோடு டோல்ஸ்டோய் பத்தாண்டுகள் மல்லாடினார். நாவல் 1899இல் ‘நீவா’ என்னும் வாரப் பத்திரிகையில் தொடராக வந்தது. அதன் வருவாய், ஆயுதந் தாங்க மறுத்தமைக்காக ஜார் ஆட்சியின் துன்புறுத்தலுக்காளான துகொபோர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் கனடாவிற் குடியேறுவதற்குப் பயன்பட்டது.

கோனி சொன்ன நிகழ்ச்சியில் அந்தப் பெண் வசதியான வேளையில் இறந்து விடுகிறாள் என்பதைக் கவனிக்க வேண்டும். பாவஞ் செய்தவனின் கண்ணீர் எஞ்சுகிறது. அக்கண்ணீரை நோக்கி எதிர்க்கேள்வி கேட்க ஆளில்லை. டோல்ஸ்டோய் அவளை உயிரோடு வைத்தார். பேசவும் விட்டார். ஓர் உபதேசக் கதை நாவலாக மாறியது அங்கேதான்.

நெக்லுதோவ் பிரபு கத்யூஷாவை முதலிற் காணும்போது அவன் மாணவன். ஹெர்பர்ட் ஸ்பென்சரைப் படித்து, நிலம் தனியார் சொத்தாயிருத்தல் அநீதியென நம்பி, தந்தைவழி வந்த காணியை உழவருக்கு விட்டுக்கொடுத்த இளைஞன். அவளோ அவன் அத்தைமாரின் பண்ணைவீட்டில் பாதி வளர்ப்புப் பிள்ளை, பாதி வேலைக்காரி. மூன்றாண்டுகளின் பின் அவன் இராணுவ உத்தியோகத்தனாகத் திரும்பி வருகிறான். இடைப்பட்ட காலத்தில் அவனுக்கு நேர்ந்ததை டோல்ஸ்டோய் விளக்கும் முறை நுட்பமானது. அவன் தீயவனாக முடிவு செய்யவில்லை. தன்னை நம்புவதை விட்டுப் பிறரை நம்பத் தொடங்கினான்; அவ்வளவே. தன்னை நம்பிய காலத்தில் சுற்றத்தார் அவனைப் பரிகசித்தனர். பிறரை நம்பியதும் பாராட்டத் தொடங்கினர்.

அதன் பின்னரே ஈஸ்டர் நள்ளிரவு வழிபாடு வருகிறது. கிறிஸ்து உயிர்த்தெழுந்தார் என்று சொல்லி ஒருவரையொருவர் மும்முறை முத்தமிடும் வழக்கப்படி, கத்யூஷா தேவாலய வாசலில், மூக்கிருந்த இடத்தில் வெறுந் தழும்பே எஞ்சிய ஒரு பிச்சைக்காரனை அருவருப்பின்றி முத்தமிடுகிறாள். உலக இலக்கியத்தில் சமய வழிபாட்டை இத்துணை அன்போடு வருணித்த பக்கங்கள் மிகச் சில. திருச்சபையின் வைரியென அறியப்பட்டவர் அதனை எழுதினார் என்பதைச் சிலர் மறந்து விடுகின்றனர். மறு இரவு அந்தப் பெண்ணை நெக்லுதோவ் கெடுக்கிறான். புறப்படும்போது நூறு ரூபிளைக் கடித உறையிலிட்டு அவளிடம் திணிக்கிறான். உள்ளத்தில் எழுந்த உறுத்தலுக்கு அவன் சொல்லிக்கொண்ட ஆறுதல் யாது? எல்லோரும் இப்படித்தான். நண்பன் இப்படித்தான். சிறிய தந்தை இப்படித்தான். தன் தந்தைக்கும் ஓர் உழவர் பெண்ணிடம் பிள்ளையிருந்தது.

டோல்ஸ்டோயின் பாவக் கோட்பாடு முழுவதும் இந்த ஆறுதலில் அடங்கியிருக்கிறது. மரபான பிரசங்கத்திற் பாவம் மனிதன் வழிதவறிப்போகும் ஒரு கணம். இருட்டில் வந்து தாக்கும் ஒரு சோதனை. இந்நாவலில் அது வழுவன்று, வழக்கம். அதற்குப் பரம்பரையுண்டு, விலையுண்டு, நாகரிகமான நடைமுறையுண்டு. நூறு ரூபிள் என்பது அவனாக எண்ணிப் பார்த்துத் தீர்மானித்த தொகையன்று. அவனுடைய வர்க்கம் அவனுக்குக் கற்பித்த முறைமை. பண்ணையில் உழவரின் உழைப்பையும் அவர் பெண்களின் உடலையும் அனுபவிப்பது ஒரே உரிமையின் இரு கிளைகளாயிருந்த சமுதாயத்தில், தன் பாவத்தைத் தானே கண்டுகொள்ளும் கண் அவனுக்கு எங்கிருந்து வரும்?

கருவுற்ற கத்யூஷா ஒரு மழையிரவில் புகையிரத நிலையத்துக்கு ஓடுகிறாள். நெக்லுதோவ் அவ்வழியாற் போகிறான் என்ற செய்தி கிடைத்திருக்கிறது. ஒளி நிறைந்த முதல் வகுப்புப் பெட்டியில் மெத்தையிருக்கையிற் சாய்ந்து அவன் சீட்டாடிக்கொண்டிருப்பதை யன்னலூடாகக் காண்கிறாள். கண்ணாடியைத் தட்டுகிறாள். வண்டி நகர்ந்து விடுகிறது. கடவுளையும் நன்மையையும் அவள் நம்பாதொழிந்தது அந்த இரவிலிருந்துதான். பின்னாளில் அவள் விலைமகளாவதை அவளுடைய பாவமென்று நாவல் ஓரிடத்திலும் எழுதவில்லை. ஈஸ்டர் வாசலிற் பிச்சைக்காரனை முத்தமிட்டவளுடைய விசுவாசத்தை அழித்தவன் நாத்திகனல்லன். அதே தேவாலயத்தில் மெழுகுவர்த்தியேந்தி நின்ற ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவன்.

நீதிமன்றக் காட்சிகளை இந்தப் பின்னணியிலே வைத்துப் படிக்க வேண்டும். வணிகன் ஒருவனை நஞ்சூட்டிக் கொன்றதாகக் கத்யூஷா மஸ்லோவா கூண்டில் நிற்கிறாள். யூரர் வரிசையில் நெக்லுதோவ். தலைமை நீதிபதிக்கு மாலையிற் சுவிஸ் நாட்டுப் பெண்ணொருத்தியைச் சந்திக்கும் அவசரம். அரச வழக்குத் தொடுநர் வழக்கேட்டைப் படித்திராதவர். முதல் நாளிரவு அவர் போயிருந்த இடம், மஸ்லோவா முன்பு இருந்த அதே விலைமகளிர் இல்லம். இன்னொரு நீதிபதி தம் அடிகளை எண்ணிக்கொண்டு வருகிறார். எண்ணிக்கை மூன்றால் மீதியின்றி வகுபட்டால் வயிற்று நோய் குணமாகுமாம். கொல்லும் நோக்கம் இருக்கவில்லை என்ற சொற்களைத் தீர்ப்பிற் சேர்க்க யூரர் மறந்து போகின்றனர். அந்த மறதியின் விலை நான்காண்டுக் கடூழியம். இவற்றில் ஒன்றேனும் கொடுமையென்ற பெயருக்குரிய பெருஞ் செயலன்று. அவசரம், சலிப்பு, செரியாமை, மறதி — இவ்வளவுதான்.

இக்கூட்டத்தில் நான் அதிக நேரம் தங்கி நிற்க விரும்புவது, யூரருக்குச் சத்தியஞ் செய்விக்கும் முதிய குருவானவரிடத்திலே. நாற்பதாண்டுகளுக்கு மேலாக அவர் இத்தொழிலைச் செய்து வந்திருக்கிறார். அதிற் பெருமை கொள்கிறார். குடும்பத்துக்கு வீடும் முப்பதாயிரம் ரூபிள் அளவில் பணமுறிகளும் சேர்த்திருக்கிறார். சுவிசேஷ நூலின் மீது கைவைத்து மனிதரைச் சத்தியஞ் செய்ய வைப்பது அவர் வேலை. அந்தச் சுவிசேஷமோ சத்தியஞ் செய்யவே வேண்டாமென்று வெளிப்படையாகத் தடுக்கிறது. இந்த முரண்பாடு அவருடைய உள்ளத்தில் ஒருமுறையேனும் எழுந்ததில்லை. அவர் கயவரல்லர், பாசாங்கு செய்பவருமல்லர் என்பதை மீண்டும் மீண்டும் நினைவிற் கொள்ள வேண்டும். கயவனைத் திருத்தலாம், மனந்திரும்பு என்று அவனுக்குச் சொல்லலாம். இவரிடம் அதை யார் சொல்வது? சொல்லும் உத்தியோகமே இவருடையதல்லவா?

திருடனும் கொலைஞனும் விலைமகளும் தத்தம் நிலை நல்லதென்றும் முக்கியமானதென்றும் தோன்றும்படியான ஒரு வாழ்க்கைப் பார்வையைப் படைத்துக்கொள்வதை எண்ணி நாம் வியக்கிறோம் என்கிறார் டோல்ஸ்டோய். அவர்களுடைய வட்டம் சிறியது, நாம் அதற்கு வெளியே நிற்கிறோம், ஆகையால் வியக்கிறோம். செல்வத்தைக் கொள்ளையாகத் திரட்டியவனும், படைத்தலைவனும், ஆட்சியாளனும் அதையே செய்கின்றனர். அவர்களுடைய வட்டம் பெரிது, நாமும் அதனுள்ளே இருக்கிறோம், ஆகையால் வியப்பதில்லை. கிறிஸ்தவன் என்னும் அடையாளம் அன்றைய ரஷ்யாவில் அத்தகைய பெரிய வட்டமாக இருந்தது. நீதிமன்றச் சுவரில் கிறிஸ்துவின் உருவம். சிறைச்சாலைக்குள் கோவில், விலங்குகள் ஓசையிட நடக்கும் திருப்பலி. திருச்சபை விவகாரங்களின் தலைவனான தொபரோவ், கோழிப்பண்ணைக்காரன் தான் தொட விரும்பாத அழுகலிறைச்சியைக் கோழிகளுக்கு இரையாகப் போடுவதைப் போலவே மக்களுக்கான சமயத்தைக் கருதினான் என்று எழுதும்போது டோல்ஸ்டோயின் பேனா தயவு தாட்சண்யம் பார்க்கவில்லை. சிறைக்கோவில் வழிபாட்டைச் சித்திரிக்கும் அத்தியாயங்களைத் தணிக்கையாளர் அனுமதிக்கவில்லை. 1901இல் ரஷ்யத் திருச்சபையின் புனித சினொட் அவரைச் சபைக்குப் புறம்பானவராக அறிவித்தது. நூறாண்டு கழித்து, 2001இல், அவருடைய வழித்தோன்றல் ஒருவர் வேண்டியும் திருச்சபை அத்தீர்மானத்தை மாற்ற இசையவில்லை.

கைதிகள் சைபீரியாவுக்கு நடத்திச் செல்லப்படும் கோடை நாளில் வெயில் தாங்காது சிலர் தெருவிலே விழுந்து மடிகின்றனர். கொன்றவர் யார்? கட்டளை மேலிருந்து வந்தது. அவரவர் தத்தம் கடமையைச் செய்தனர். புகையிரதத்திற் போகும் நெக்லுதோவ் மழையைப் பார்க்கிறான். பாதையோரத்து மண்சரிவிற் கற்கள் பதிக்கப்பட்டிருக்கின்றன. சுற்றிலும் மண் மழையைக் குடிக்கிறது. கல் பதித்த நிலத்தில் மட்டும் நீர் உள்ளிறங்காமல் வழிந்தோடுகிறது. உத்தியோகம் பதிந்த மனத்திலும் இரக்கம் அவ்வாறே வழிந்தோடுகிறது என்று அவன் காண்கிறான். சமுதாய விமர்சனமெனப் பாராட்டப்படும் பகுதிகளுள் இது தலையாயது. ஆனால் இதன் பெயர் என்ன? மனிதனை மனிதனாகக் கருதத் தேவையில்லாத ஒரு வேளையுண்டென்று நம்புவதையே டோல்ஸ்டோய் பாவம் என்கிறார். அச்சொல்லை நீக்கினால் எஞ்சுவது நிர்வாகக் குறைபாடு மட்டுமே. நிர்வாகக் குறைபாட்டுக்கு விசாரணைக் குழு போதும், நாவல் எதற்கு?

இவ்வளவுக்கும் பிறகுதான் பாவத்தை வெல்லுதல் என்ற வினா எழுகிறது. நெக்லுதோவ் மனமுருகுகிறான்; மஸ்லோவாவை மணந்துகொள்வதாகத் தீர்மானிக்கிறான்; கண்ணீர் பெருகுகிறது. அக்கண்ணீர் நல்லதும் தீயதுமாயிருந்ததெனப் படைப்பாளியே குறுக்கிட்டுச் சொல்கிறார். உள்ளே உறங்கிய மனிதன் விழித்தமையால் நல்லது. தன் நல்ல குணத்தைக் கண்டு தானே உருகியமையால் தீயது. அந்தத் தீய பாதியை வெட்டவெளிச்சமாக்குகிறவள் மஸ்லோவா. சிறையிற் குடித்திருந்த நிலையில் அவள் சீறுகிறாள். இவ்வுலகில் என்னைக் கொண்டு இன்பந் துய்த்தாய், மறுவுலகில் என்னைக் கொண்டே இரட்சிப்புத் தேடப் பார்க்கிறாய் என்பது அவள் குற்றச்சாட்டின் சாரம். பதினெட்டு வயதில் அவள் உடல் அவனுக்குக் கருவி. இப்போது அவள் துன்பம் கருவி. இரண்டிடத்திலும் கணக்கு அவனுடையது.

பரிகாரம் பற்றிய கிறிஸ்தவ இலக்கியத்தில் இக்கேள்வியின் கூர்மையை நான் வேறெங்கும் கண்டதில்லை. தொஸ்தொயெவ்ஸ்கியின் சோனியாகூட ரஸ்கோல்நிக்கோவை இவ்வாறு கேட்பதில்லை. அவள் சுவிசேஷத்தை வாசித்துக் காட்டுகிறாள், அவன் மீளும்வரை காத்திருக்கிறாள். மஸ்லோவா காத்திருக்க மறுக்கிறாள். ஒடுக்கப்பட்டோரின் விமோசனத்தில் தன் ஆன்மாவின் நிம்மதியைத் தேடும் எவனும் — அவன் கிறிஸ்தவனாயினும் சரி, நம் அணியைச் சேர்ந்தவனாயினும் சரி — அவள் விரலுக்கு நேரேதான் நிற்கிறான்.

பாவத்தை வெல்லும் முயற்சியைத் தனிமனிதனின் மற்போராகக் காட்டினால் என்னவாகும் என்பதையும் டோல்ஸ்டோய் அதே ஆண்டுகளிற் சோதித்துப் பார்த்தார். அவர் மறைந்த மறு ஆண்டு, 1911இல், அச்சேறிய ‘செர்கேய் பாதிரியார்’ என்ற குறுநாவலே அச்சோதனை. தான் மணக்கவிருந்த பெண் ஏற்கெனவே ஜார் மன்னனின் ஆசைநாயகியாயிருந்தவள் என்றறிந்த காஸாத்ஸ்கி பிரபு துறவியாகிறான். துறவுக்குள்ளும் அவனைச் செலுத்துவது எதிலும் முதல்வனாயிருக்கும் பழைய வேட்கையே. குகைக்கு வந்து மயக்க முயன்ற சீமாட்டியிடமிருந்து தப்பத் தன் விரலைக் கோடரியால் துண்டித்துக்கொள்கிறான். வென்று விட்டான் என்று ஊர் சொல்கிறது. புகழ் பரவுகிறது, நோயாளிகள் மொய்க்கின்றனர், மடாலயம் விடுதி கட்டுகிறது. முடிவில் சித்தம் பலவீனமான ஒரு வணிகன் மகளிடம் அவன் வீழ்கிறான். கோடரியால் விரலைத்தான் வெட்ட முடிந்தது.

ஊரை விட்டோடிய அவன் தேடிச் செல்லுமிடம் பாஷெங்கா என்னும் முதியவளின் வீடு. சிறு வயதில் அவர்களெல்லாம் கேலி செய்து அழவைத்த பெண் அவள். அவன் போகும்போது அவள் மா பிசைந்துகொண்டிருக்கிறாள். நோயாளியான மருமகன், மகள், ஐந்து பேரக் குழந்தைகள். இவர்களுக்காக வணிகர் வீட்டுப் பெண்களுக்குச் சங்கீதங் கற்பித்துச் சம்பாதிக்கிறாள். தேவாலயத்துக்கு அவள் அதிகம் போவதில்லை. கிழிந்த உடையோடு போக வெட்கம். சோம்பலும் உண்டு என்று தானே ஒப்புக்கொள்கிறாள். கடவுளுக்காக வாழ்வதாகச் சொல்லிக்கொண்டு தான் மனிதருடைய மெச்சுதலுக்காக வாழ்ந்ததையும், மனிதருக்காக வாழ்வதாக எண்ணிக்கொண்டு அவள் கடவுளுக்காக வாழ்வதையும் செர்கேய் அங்கே கண்டுகொள்கிறான். பாஷெங்காவிடம் பாவத்தை வெல்லும் திட்டமெதுவும் இல்லை. அதற்கு அவளுக்கு நேரமுமில்லை. குறுநாவலின் குறையொன்றையும் சொல்லியாக வேண்டும்: அந்த வணிகன் மகளின் கதி என்னவாயிற்று என்று கதை திரும்பிப் பார்ப்பதேயில்லை. செர்கேயின் ஞானம் அவள் முதுகில் ஏறி வந்தது. மஸ்லோவாவைப் படைத்தவர் இதை எப்படிக் காணாமற் போனார்?

நம் வாசகரிற் சிலருக்கு நாவலின் சைபீரியப் பகுதி சங்கடந் தருவதுண்டு. அரசியற் கைதிகளாகிய புரட்சியாளரை டோல்ஸ்டோய் மதிப்போடு வரைகிறார். மஸ்லோவா மீண்டும் மனிதரை நம்பக் கற்பது சாதாரணக் குற்றவாளிகளிடையே அன்று, இவர்களிடையேதான். மரியா பாவ்லோவ்னா பிறர்க்கு உதவுவதை வேட்டைக்காரன் வேட்டையைத் தேடுவதுபோலத் தேடுபவள். ஆனால் அதே கூட்டத்தில் நோவோத்வோரோவ் இருக்கிறான். அறிவைத் தொகுதியெண்ணாகவும் தன்னைப் பற்றிய மதிப்பைப் பகுதியெண்ணாகவும் கொண்டால், பகுதி மிகப் பெரிதாகையால் பின்னம் சிறுத்துப் போனவன். இது வர்க்க விரோதியின் அவதூறென்று தள்ளிவிடுவது எளிது. கிறிஸ்தவன் என்ற பெயர் குருவானவரைப் பாவத்தினின்று காக்காதது போலவே, புரட்சியாளன் என்ற பெயரும் ஒருவனைத் தானாகக் காப்பதில்லை என்றே டோல்ஸ்டோய் சொல்கிறார். அதைக் கேட்டுக்கொள்ள நமக்குத் தெம்பிருக்க வேண்டும்.

இனி முடிவுக்கு வருவோம். மஸ்லோவாவின் தண்டனை குறைக்கப்படுகிறது. நெக்லுதோவை மணக்க மறுத்து, சிமன்சன் என்னும் அரசியற் கைதியோடு செல்ல அவள் தீர்மானிக்கிறாள். அன்று மாலை ஓர் ஆங்கிலேயர் சிறையிற் புதிய ஏற்பாட்டுப் பிரதிகளை வழங்குகிறார், நெக்லுதோவ் மொழிபெயர்க்கிறான். அடித்தவனுக்கு மறு கன்னத்தைக் காட்டவேண்டும் என்று உபதேசம் நடக்கிறது. மறு கன்னத்திலும் அடித்தால் என்ன செய்வது என்று ஒரு கைதி கேட்க, மற்றவர் சிரிக்கின்றனர். பின்னர் நெக்லுதோவ் விடுதிக்குத் திரும்பி, அதே நூலைத் திறந்து மலைப்பிரசங்கத்தில் ஐந்து கட்டளைகளைக் கண்டடைகிறான். நாவல் முடிகிறது.

எல்லாவற்றையும் எழுதிவிட்டு ஒரு சுவிசேஷ வசனத்தின் மேல் முடிவை ஏற்றி வைப்பது தகாதென 1900இல் செக்கோவ் ஒரு கடிதத்திற் குறைப்பட்டுக்கொண்டார். நம் விமர்சகரும் அதையே வேறு சொற்களிற் சொல்லி வந்திருக்கின்றனர். எனக்கு அந்த வசனங்கள் தடையல்ல. சத்தியஞ் செய்யாதிருத்தலும் அக்கட்டளைகளுள் ஒன்று. முதற் பாகத்துக் குருவானவருக்கு உரிய விடை அங்கேதான் கிடைக்கிறது. இடர்ப்பாடு வேறு. கட்டளைகளைக் கண்டடையும் அறையில் நெக்லுதோவ் தனியாக இருக்கிறான். அவனிடம் கேள்வி கேட்கக் கூடியவள் இரண்டு அத்தியாயங்களுக்கு முன்பே கதையை விட்டுப் போய்விட்டாள். சிரித்த கைதிகள் சிறையில் இருக்கின்றனர். கோனியின் கதையில் மரணம் செய்த வேலையை இங்கே விடுதி அறையின் கதவு செய்து விடுகிறது. அவன் கண்டடைந்த புதிய வாழ்வு எப்படிப்பட்டதென எதிர்காலமே காட்டும் என்று டோல்ஸ்டோய் எழுதி நிறுத்துகிறார். அவ்வெதிர்காலத்தை எழுத எண்ணியும் எழுதாமலே போனார். மஸ்லோவாவும் சிமன்சனும் சைபீரியாவில் நாட்களை எவ்வாறு கழித்தனர், அவள் என்ன வேலை செய்தாள், ஈஸ்டர் இரவில் மறுபடி தேவாலயத்துக்குப் போனாளா என்பவை எழுதப்பட்டிருக்க வேண்டிய பக்கங்கள்.